முந்திரி இல்லாத வீடு

ஜூன் 10, திங்கள்

ஓவனைத் திரும்ப எடுக்கப் போகிறேன். என்ன அளவு, எத்தனை நிமிடம், எது மிஞ்சியது என்று குறித்து வைத்தால்தான் அடுத்த முறை சரியாக வரும். அதற்காக இந்த டைரி.

எங்கள் மாடியில் வாடகைக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் கோமதி இன்று மாலை கீழே வந்தாள். கோவில்பட்டிக்காரி. துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. கணவன் குவைத்தில் இருக்கிறான். கையில் ஆறு வயதுப் பெண். தாரிணி என்று பெயர். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது.

"சோத்தப் பாத்தாலே முகத்தத் திருப்பிக்கிடுதாக்கா. இட்லி வேண்டாம், முட்டை வேண்டாம், பழம்னா கொழகொழன்னு இருக்குங்கா. நீங்க முன்னாடி கேக் எல்லாம் செஞ்சு குடுப்பீங்கன்னு தெருவுல சொன்னாங்க."

ஆமாம் என்றேன்.

"ஸ்கூல் விட்டு வந்து நான் வர வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டுமா? எப்படியாவது அவ வாயில ரெண்டு வாய் போகணும். பொங்கல்ல கெடக்குத முந்திரிய மட்டும் பொறுக்கித் திம்பா. அத வச்சு ஏதாச்சும் செய்ய முடியுமாக்கா?"

இந்த வீட்டில் முந்திரி வாங்குவதில்லை என்று சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

ஜூன் 12, புதன்

ஓவன் மேல் கிடந்த துணியை எடுத்தேன். உள்ளே ஒரு பல்லி செத்துக் காய்ந்து கிடந்தது. வினிகர் போட்டு இரண்டு முறை துடைத்து, வெறுமனே அரை மணி நேரம் சூடாக்கினேன். வீடு முழுக்கப் பழைய வாசனை வந்தது.

கில்பர்ட் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. சமையலறை வாசலில் நின்று பார்த்தார்.

"எதுக்கு இப்ப அது?"

"மாடிப் பிள்ளைக்கு."

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதியம் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டார்.

ஜூன் 13, வியாழன்

வாழைப்பழ கப் கேக். 180 டிகிரி, இருபத்திரண்டு நிமிடம். நன்றாக உப்பி வந்தது. தாரிணி மேலே தடவிய கிரீமை மட்டும் நக்கிவிட்டு, மிச்சத்தைக் காகிதத்தோடு சேர்த்து நசுக்கி வைத்துவிட்டாள். "பழ வாசம் வருது ஆன்ட்டி" என்றாள்.

இந்தப் பிள்ளைகளுக்கு மூக்குதான் முதல் எதிரி. அடுத்த முறை வெனிலா எசன்ஸ் இரண்டு சொட்டு கூடுதலாக.

ஜூன் 17, திங்கள்

பரணில் தேடியதில் மீன் அச்சு கிடைத்தது. தகர அச்சு, விளிம்பில் லேசாகத் துரு. எண்ணெய் தேய்த்துக் காயவைத்தேன்.

கேரட்டை வேகவைத்து, மை போல் அரைத்து, துணியில் பிழிந்து, மைதாவும் வெண்ணெயும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து மீன் பிஸ்கட் செய்தேன். கண்ணுக்கு ஒரு சாக்லேட் துணுக்கு. மேலே சர்க்கரைத் தூள். 170 டிகிரி, பதினான்கு நிமிடம்.

இரண்டு தின்றாள்! மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். மேற்கிலிருந்து காற்று சுழற்றி அடித்தது. இந்த ஊர்க் காற்றுக்காலத்தில் உப்பளத்துப் பொடி ஜன்னல் கம்பியெல்லாம் படிந்துவிடும். அவள் விரலால் அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

ஆறரைக்குக் கோமதி வந்தாள். தட்டைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னக்கா போட்டீங்க?"

"மாவும் சர்க்கரையும்தான்" என்றேன், பிள்ளை கேட்கும்படி. பிறகு மாடிப்படியில் வைத்து உண்மையைச் சொன்னேன். கால் கிலோ கேரட், இரண்டு முட்டை. கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியக்கூடாது. வேறு வித்தை ஒன்றும் இல்லை.

ஜூன் 20, வியாழன்

பீட்ரூட். மூன்று தின்றாள். தெரியவில்லை அவளுக்கு.

ஜூன் 26, புதன்

முருங்கைக்கீரைப் பொடி ஒரு ஸ்பூன், கோகோவோடு கலந்து. நிறம் மறைந்துவிட்டது. நான்கு.

ஒன்று கவனித்தேன். மீனின் வாலை முதலில் கடிக்கிறாள். பிறகு வயிறு. தலையைக் கடைசியாகத் தின்று, கண்ணை மட்டும் நோண்டி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைக்கிறாள். நான்கு கண்கள் வரிசையாக இருந்தன.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

பிரிட்ஜ் பக்கத்தில் கிடக்கும் குட்டை நாற்காலியில்தான் இப்போதெல்லாம் உட்காருகிறாள். சுவரைப் பார்த்து, வாசலுக்கு முதுகு காட்டி. ஹாலில் வசதியாக உட்காரச் சொன்னால் தலையை ஆட்டுகிறாள்.

கில்பர்ட் இன்று சீக்கிரம் வந்துவிட்டார். சமையலறை வாசல்வரை வந்தவர் அப்படியே நின்றார். பிள்ளை திரும்பவில்லை. வலது காலை இடது காலின் மேல் போட்டு ஆட்டிக்கொண்டே தின்றுகொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றவேயில்லை. திரும்பிப் போய் வண்டியை எடுத்துவிட்டார். எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை.

ராகி மாவு பாதிக்குப் பாதி போட்டால் பிஸ்கட் உதிர்கிறது. ஒரு முட்டை கூட்ட வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

இதை எழுதலாமா என்று மத்தியானத்திலிருந்து யோசிக்கிறேன்.

மாவை அச்சில் வைத்துக்கொண்டிருந்தேன். தாரிணி பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்: "இதுக்குப் பல் வைங்க. முன்னாடி வச்சீங்களே, சுறா மாதிரி."

நான் அவளுக்குச் சுறா செய்ததே இல்லை. இவாவுக்குத்தான் செய்தேன், அவளுடைய ஐந்தாவது பிறந்தநாளுக்கு, அரிசியை உடைத்துப் பல்லாகக் குத்தி. இவா என் மகள். ஆறு வயதில் போய்விட்டாள். இரண்டு வருஷம் ஆகிறது.

கில்பர்ட் வந்ததும் சொன்னேன். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"நீ சொல்லிருப்ப ஜெசி."

"நான் சொல்லல."

"பிறகு எப்படித் தெரியும் அதுக்கு?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

அவர் சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். அவருக்கு வைத்த மீன் குழம்பை எடுத்து மூடினேன்.

ஜூலை 10, புதன்

பல் வைத்தேன். கைதட்டிச் சிரித்தாள்.

ஜூலை 16, செவ்வாய்

கோமதி அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் காலையிலேயே வந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"வீட்டுல சுத்தமா ஒண்ணும் திங்க மாட்டேங்காக்கா. முன்னாடி தயிர்ச்சோறாவது நாலு வாய் வாங்குவா. இப்ப அதுவும் கிடையாது. மூணே முக்கா எப்ப ஆகும், கீழ எப்ப போவோம்னு கேட்டுக்கிட்டே இருக்கா. ஒண்ணரை கிலோ எடை குறைஞ்சிருக்காம், டாக்டர் ஏசுதாரு."

எனக்கு வருத்தமாக இருந்தது.

சாயங்காலம் வெண்ணெய் ஐம்பது கிராம் கூடுதலாகப் போட்டேன். ஆறு தின்றாள்.

ஜூலை 19, வெள்ளி

மாவு டப்பா சரிந்து பிள்ளையின் யூனிபார்ம் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. பீரோவிலிருந்து மஞ்சள் கவுன் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டேன். அளவு சரியாக இருந்தது.

முடியைப் பிரித்து நடுவகிடு எடுத்து இரட்டைச் சடை போட்டேன். காற்றில் கலைந்து கிடந்தது, அதனால்தான்.

ஜூலை 20, சனி

கோமதி கவுனைத் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்த பிறகும் நின்றாள்.

"இது யாருக்குள்ளதுக்கா?"

"வீட்டுல கெடந்தது."

படியேறிப் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

ஜூலை 26, வெள்ளி

மாதா கோவில் கொடியேற்றம். தெருவே காலியாகிவிட்டது. நான் போகவில்லை. கில்பர்ட் போய்விட்டு வந்து, எனக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி ஏற்றியதாகச் சொன்னார்.

நான்கு மணிக்குக் கோமதி வந்தாள், பிள்ளை இல்லாமல். கையில் ஒரு நோட்டு. அட்டையில் பெயர் எழுதும் இடத்தில் பென்சிலால் கோணல்மாணலாக 'இவா' என்று எழுதியிருந்தது.

"வகுப்புல தாரிணின்னு கூப்பிட்டா எந்திக்கவே இல்லையாம். மிஸ் போன் பண்ணுதாங்க. யாருக்கா இவா?"

சொன்னேன். என் மகள் என்று. மூச்சுத்திணறி இறந்துபோனாள் என்று. கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை வியர்த்திருந்தது.

"எம்மவகிட்ட அவளப் பத்திச் சொன்னீங்களாக்கா?"

"இல்ல."

"கோவிச்சுக்கிடாதீங்க. கொஞ்ச நாளைக்கு அவள அனுப்பாம இருக்கேன்."

சரி என்றேன். ஓவனில் வைத்திருந்தது கருகிவிட்டது.

ஜூலை 29, திங்கள்

மூன்றே முக்கால். மாடியில் காலடிச் சத்தம் குறுக்கும் நெடுக்குமாகப் போய்வந்தது.

ஜூலை 31, புதன்

மாடியில் சத்தமே இல்லை. பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்களாம். மூன்று நாளாகத் தண்ணீர் மட்டும். எதிர் வீட்டில் சொன்னார்கள்.

நான் மாவு பிசைந்து வைத்தேன். பிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் கோமதி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளையின் கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி.

"என்னவாச்சும் குடுங்கக்கா" என்றாள்.

பதினான்கு நிமிடம் மூன்று பேரும் ஓவன் முன்னால் காத்திருந்தோம். பிள்ளை தானாக இறங்கிக் குட்டை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கால்மேல் கால். வால், வயிறு, தலை. நான்கு மீன் தின்று நான்கு கண்களையும் வரிசையாக வைத்துவிட்டு, திரும்பாமலேயே சொன்னாள்:

"மம்மி, தண்ணி."

கோமதி 'இந்தா' என்று எழுந்தாள். எழுந்தவள் நின்றுவிட்டாள். தாரிணி அவளை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவாள். இந்த வீட்டில் இவாதான் என்னை மம்மி என்பாள்.

நான் தண்ணீர் கொடுத்தேன். பிள்ளை வாங்கிக் குடித்தாள்.

கோமதி சுவரில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. தன் பிள்ளையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ உயிரோட இருந்தாப் போதும்க்கா எனக்கு" என்று மட்டும் சொன்னாள்.

நாளையிலிருந்து மறுபடி அனுப்புவாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

திருவிழா முடிந்துவிட்டது. தெருவில் குப்பை பறக்கிறது.

ராகியும் கருப்பட்டியும் போட்டுச் சின்னக் கேக். வேறு ஒன்றுமில்லை. எழுதி வைக்கிறேன்: ராகி, கருப்பட்டி, வெண்ணெய், முட்டை. வேறு ஒன்றுமே இல்லை.

பாதி தின்றவள் கீழே வைத்தாள். தொண்டையைக் கையால் தேய்த்துக்கொண்டாள்.

"மம்மி, அரிக்குது."

ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது. தடிப்பு இல்லை, வீக்கம் இல்லை. விளையாடப் போய்விட்டாள்.

ஆனால் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. கில்பர்ட்டிடம் சொன்னதில்லை. அன்று டாக்டர் கேட்டபோதும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

முந்திரி நூறு கிராம் வாங்கினேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கில்பர்ட் இல்லாத நேரத்தில் வறுத்து அரைத்தேன். மிக்ஸி ஜாரை மூன்று முறை கழுவினேன்.

தாரிணிக்கு முந்திரி ஒன்றும் செய்யாது. பொங்கலிலிருந்து பொறுக்கித் தின்பாள் என்று அவள் அம்மாவே சொன்னாள். ஆகவே இதில் தவறு இல்லை. அவள் தாரிணி என்றால் ஒன்றும் ஆகாது.

ஒன்றும் ஆகவில்லை என்றால் அவள் தாரிணி. அவ்வளவுதான். தெரிந்துகொள்ள வேண்டும்.

நாளை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வேண்டுமென்றால் முனையில் இருப்பவரின் நம்பர் காலண்டரில் எழுதியிருக்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மீன் அச்சில்தான் செய்தேன். முந்திரித்தூள் மூன்று ஸ்பூன். வாசனை தெரியாமலிருக்க ஏலக்காய். பன்னிரண்டு வந்தது. ஒரே நிறம். பார்க்க அழகாக இருந்தது.

மூன்றே முக்காலுக்குப் பையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குட்டை நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தட்டை மடியில் வைத்துவிட்டு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். தொண்டையைப் பார்க்கும்படியாக.

ஒன்றை எடுத்தாள். வாலைக் கடிக்கப் போனவள் நிறுத்தி மோந்து பார்த்தாள்.

"மம்மி, இதுல என்ன போட்டிருக்கீங்க?"

இவாவும் கேட்டாள். இதே தரையில்தான் அன்றும் நான் உட்கார்ந்திருந்தேன். பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தின்பதை இவள் தின்ன மாட்டேன் என்கிறாளே என்று எனக்கு ஆத்திரம். முந்திரி தின்றால் வாய் அரிக்கிறது என்று எத்தனையோ முறை சொன்னாள். முந்திரி போட்ட நம் ஊர் மக்ரூனைக்கூடத் துப்பினாள். எல்லாவற்றுக்கும் ஒரு சாக்கு, எல்லாம் பிடிவாதம் என்று நினைத்தேன். முந்திரியை அரைத்து மாவில் கலந்து மீன் பிஸ்கட் செய்தேன். தெரியாமல் உள்ளே போய்விட்டால் பழகிவிடும் என்று. "என்ன போட்டிருக்கீங்க மம்மி?" என்று கேட்டாள். "மாவும் சர்க்கரையும்தான், தின்னு" என்றேன். அவள் நம்பித் தின்றாள். இரண்டாவது மீனில் "மம்மி, அரிக்குது" என்றாள். நான் "நடிக்காதே" என்றேன். நடிக்காதே என்று சொன்னேன். பத்து நிமிடத்தில் உதடு வீங்கியது. ஆட்டோவில் என் மடியிலேயே முடிந்துவிட்டது. என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டபோது "பன்னும் பாலும்" என்று சொன்னேன்.

இன்றும் அந்த வார்த்தைகள் நாக்கில் தயாராக வந்து நின்றன. "மாவும்" என்று ஆரம்பித்தும்விட்டேன். மீன் அவள் வாய்க்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது.

ஓங்கித் தட்டிவிட்டேன். பிஸ்கட் சுவரில் பட்டு உடைந்தது. தட்டு உருண்டது.

"முந்திரி" என்றேன். "முந்திரி போட்டிருக்கேன். திங்காத. திங்காத."

அவள் அழவில்லை. தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து, பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் கிடையாது. ஒரு விளக்குமாறுகூட நிற்காது. யாராவது மெதுவாகப் பேசினால் உற்றுக் கேட்போமே, அப்படிக் கேட்டாள்.

"அப்போ இவாவுக்கு வேண்டாம்" என்றாள். "எனக்கு மட்டும் குடுங்க ஆன்ட்டி."

ஆன்ட்டி என்றாள். எத்தனை நாளாயிற்று அப்படிக் கூப்பிட்டு.

அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று நான் பார்க்கவில்லை. நாற்காலி காலியாக இருந்தது. அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்த வேகத்தில் ஆடியிருக்கும்.

"அன்னைக்கு உனக்கு அரிக்குதுன்னு சொன்னியே, யாரு சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லல. அந்த நாற்காலில இருக்கும்போது அரிச்சுது."

"இப்ப?"

"இப்பதான் எந்திச்சிட்டேன்லா" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பது போல.

பதினொரு பிஸ்கட்டையும் உடைந்ததையும் பொறுக்கிக் கட்டினேன். தரையைத் துடைத்தேன். அவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கோமதி வரும்வரை இரண்டு பேரும் வாசற்படியில் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போகவே இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

இந்த டைரியில் சில பொய்கள் இருக்கின்றன. ஜூன் 26 அன்று, நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று எழுதியது பொய். ஓவனில் வேகும் அந்தப் பதினான்கு நிமிடமும் தினமும் அவளிடம் இவாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். வாலை முதலில் கடிப்பாள், கண்ணை வரிசையாக வைப்பாள், கால்மேல் கால் போட்டு ஆட்டுவாள் என்று. அவள் அப்படிச் செய்தால் இன்னொரு மீன் கொடுத்தேன். சுறாவுக்குப் பல் வைத்ததையும் நான்தான் சொன்னேன். வீட்டில் எதுவும் தின்ன மாட்டேன் என்கிறாள் என்று கோமதி அழுதபோது எனக்கு வருத்தமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது.

அரிக்குது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அது சத்தியம்.

காலையில் கில்பர்ட் காபி குடித்துக்கொண்டிருந்தபோது முழுவதையும் சொன்னேன். நேற்று நடந்ததையும், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததையும். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படி?"

"அன்னைக்கு டாக்டர் என்னத் தனியாக் கூப்பிட்டு, பிள்ளைக்கு ஒத்துக்கிடாதது ஏதோ போயிருக்குன்னு சொன்னாரு. வீட்டுக்கு வந்து மிக்ஸி ஜார்ல முந்திரித்தூளப் பாத்தேன்."

"இவ்வளவு நாளா ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன், ஜெசி." டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "கேட்டா நீ இருக்க மாட்டியோன்னு பயந்தேன்" என்றார்.

அந்தப் பிள்ளை முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்த நாளிலிருந்து சமையலறைப் பக்கமே வரப் பயந்து, ஷிப்டு முடிந்த பிறகும் படகிலேயே உட்கார்ந்திருப்பாராம். "எனக்கும் வித்தியாசம் தெரியலட்டி. இவான்னு கூப்பிட்டுருவேனோன்னு பயம்."

இரண்டு வருஷத்தில் முதல்முறையாக இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்து அழுதோம். பிறகு அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "வா, மேல போய்ச் சொல்லிருவோம்" என்றார்.

கோமதி கதவைத் திறந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னேன். முந்திரி என்ற இடத்தில் அவள் முகம் மாறியது. முழுவதும் கேட்டாள்.

"எம்பிள்ளைய வச்சு சோதிச்சுப் பாத்திருக்கீங்க."

"ஆமா."

"ஆட்டோ நம்பர் எல்லாம் எழுதி வச்சுக்கிட்டு."

"ஆமா கோமதி."

"ஒரு தாயா இருந்துக்கிட்டு…" கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து தாரிணியின் குரல், "யாரும்மா?" என்று கேட்டது.

மாலையில் தாயும் மகளும் பையோடு கோவில்பட்டி பஸ்ஸுக்குப் போனார்கள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். இவாவிடம் நான் பேச வேண்டியதைப் பேசினேன். கில்பர்ட் தள்ளிப் போய் நின்றுகொண்டார். இங்கே எழுத அதில் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கோமதி திரும்பி வந்துவிட்டாள். பள்ளிக்குப் பக்கத்தில் வேறு வீடு பார்த்துவிட்டாளாம், ஞாயிற்றுக்கிழமை மாறுகிறார்கள். சாவியை எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்க வந்தாள். படியிலேயே நின்று பேசினாள்.

போகத் திரும்பியவள் தயங்கினாள்.

"இப்ப திங்கா. கொஞ்சம் கொஞ்சமா. அடுப்புப் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, இதுல என்ன இருக்கு, அதுல என்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா கேக்கா. எல்லாத்தையும் சொன்னா வாங்கிக்கிடுதா. சொல்லாம வச்சா தொட மாட்டேங்கா. நேத்து ஒரு முழு தோச."

"நல்லது" என்றேன்.

"உங்கள மன்னிச்சிட்டேன்னு நினைச்சிராதீங்க."

"இல்ல."

"நீங்க கடைசியில தட்டிவிட்டீங்கள்லா. அத மட்டும் மறக்க மாட்டேன்."

செப்டம்பர் 1, ஞாயிறு

காலை பத்து மணிக்குச் சாமான் ஏற்றினார்கள். கில்பர்ட் கட்டிலைப் பிடித்து இறக்க உதவினார். நான் வாசலில் நின்றேன், படியைத் தாண்டி இறங்கவில்லை. கோமதி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவ்வளவே.

தாரிணி ஆட்டோவில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. ஒற்றைப் பின்னல், கனகாம்பரம். அவள் அம்மா பின்னிவிட்டது. ஆட்டோ கிளம்பும்போது எனக்குக் கை காட்டினாள்.

"வாரேன் ஆன்ட்டி!"

நானும் கை காட்டினேன்.

பிறகு அவள் கொஞ்சம் கீழே பார்த்தாள். என் இடுப்பு உயரத்துக்கு, என் வலது பக்கம். அங்கேயும் ஒருமுறை கை காட்டினாள், சிரித்துக்கொண்டே, வகுப்புத் தோழிக்குக் காட்டுவது போல. ஆட்டோ முனை திரும்பிவிட்டது.

தெரு காலியாக இருந்தது. காற்றுகூட இல்லை. நான் வலது பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"உள்ள வா ஜெசி, வெயில் அடிக்கு" என்று கில்பர்ட் கூப்பிட்டார்.

போனேன். கதவை உடனே சாத்தவில்லை. சின்னக் கால்கள் ஒரு படி ஏறி உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சாத்தினேன்.